பண்ணைக்குட்டையில் மீன் விடுவதும் பராமரிப்பதும்

ஆயிரம் சதுர மீட்டர் பரப்புள்ள குட்டையில் இரண்டாயிரம் குஞ்சுகளை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்து உள்ளங்கை அளவு மீனைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பவர்கள் அதிகம். குட்டை தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு; அந்த எடையை இரண்டாயிரம் மீன்கள் பங்கிட்டுக்கொண்டால் எதுவுமே பெருக்காது. அந்தப் பரப்புக்கு 500 முதல் 800 வரை போதும். அதுவும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் பத்து மாதமாவது நீர் நிற்குமானால்தான்.

குஞ்சு விடுவதற்கு முன், குட்டையை வற்றவைத்து, அடிச்சேறு பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயவிடுவது நல்லது. வற்றவைக்க இயலாத குட்டையில் விரால், கெளுத்தி போன்ற கொன்றுதின்னி மீன்கள் ஒளிந்திருக்கும். விடுகிற குஞ்சுகளெல்லாம் அவற்றுக்கே இரையாகும். அங்கே ஆயிரம் சதுர மீட்டருக்கு, ஒரு மீட்டர் ஆழ நீருக்கு, 250 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளித்தால், அதிலுள்ள சப்போனின் என்ற நச்சு அந்த மீன்களைக் கொல்லும். நஞ்சு அடங்கியபின் அதே புண்ணாக்கு நீருக்கு உரமாகிவிடும் என்பதால், மற்ற மருந்துகளைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். மூன்று வாரம் கழியாமல் குஞ்சு விடக் கூடாது. மண்ணின் புளிப்பைப் பொறுத்து அதே பரப்புக்கு 20 முதல் 50 கிலோ வரை சுண்ணாம்பு இட்டு, ஒரு வாரம் விட்டுத் தொழுவுரம் கரைத்து ஊற்றினால், நீர் மெல்லப் பச்சை கட்டத் தொடங்கும். பாலித்தீன் விரித்த குட்டையில் சேறு இல்லாததால் அடித்தளத்தில் உணவு உருவாகாது. அங்கே ஓரடி கனத்துக்கு மண் பரப்புவது உதவும்.

நீரில் மிதக்கும் நுண்பாசிகளாலான அந்தப் பச்சைதான் மீனின் முதல் உணவு. அது அளவோடு இருக்கிறதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். முழங்கை வரை கையை நீருக்குள் செங்குத்தாக இறக்கி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பாருங்கள். முழங்கை முழுகும் தறுவாயில் உள்ளங்கை மங்கி மறைந்தால் நீர் சரியாக இருக்கிறது. பாதி இறக்கும்போதே மறைந்துவிட்டால் உரத்தை நிறுத்த வேண்டும். முழுகிய பின்னும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் உரம் போதவில்லை. சேற்றுக் கலங்கலைப் பச்சை என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேய்வதால், இம்மூன்றையும் 4:3:3 என்ற விகிதத்தில் விட்டால் ஒன்றின் உணவில் மற்றொன்று அதிகம் குறுக்கிடாது. 600 குஞ்சுகளுக்கு 240, 180, 180 என்று கணக்கு வரும். நீர்ச்செடிகள் மண்டும் குட்டையில் சில புல்கெண்டைகளைச் சேர்க்கலாம். சாதாக்கெண்டை கரையைக் குடைந்து நீரைக் கலக்குவதாலும், ஜிலேபி கட்டுக்கடங்காமல் இனம் பெருக்கிக் குட்டையை நிரப்பிவிடுவதாலும், சிறு குட்டைகளில் இவ்விரண்டையும் தவிர்ப்பதே என் கருத்து. விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சுகளையே வாங்கி, காலையிலோ மாலையிலோ, பையை இருபது நிமிடம் நீரில் மிதக்கவிட்டு, குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் கலந்து, அவை தாமாக நீந்தி வெளியேறும்படி விட வேண்டும்.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சமமாகக் கலந்த தீவனம் போதுமானது. அளவை ஊகித்துப் போடாமல், மாதம் ஒருமுறை வீச்சுவலை போட்டு நிறுத்துப் பாருங்கள். இருபது மீன்கள் சேர்ந்து ஐந்து கிலோ நிறுத்தால் ஒன்றின் எடை 250 கிராம். குட்டையில் 500 மீன்கள் தங்கியிருப்பதாகக் கொண்டால் மொத்தம் 125 கிலோ. அதில் நூற்றுக்கு இரண்டு வீதம், நாளுக்கு இரண்டரைக் கிலோ தீவனம். அதைத் துளையிட்ட சாக்கில் கட்டிக் கழியில் தொங்கவிட்டால், மீன்கள் துளைகளில் வாய் வைத்து உறிஞ்சும். மாலையில் சாக்கு கனத்தால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது இரை கேட்பது அன்று, மூச்சுத் திணறல். பகலில் உயிர்வளியைத் தந்த அதே பச்சை, இரவில் அதை உட்கொள்ளும். நாள் முழுதும் மேகம் மூடியிருந்த மறுநாள் விடியலில் இந்த ஆபத்து மிகுதி. உடனே புதுநீரைத் தூவலாக விழும்படி பாய்ச்சி, அன்று தீவனத்தையும் உரத்தையும் அறவே நிறுத்திவிட வேண்டும்.

ஏழெட்டு மாதத்தில் முந்தி வளர்ந்த மீன்களைப் பிடிக்கத் தொடங்கலாம். பெரியவற்றை எடுக்க எடுக்க மற்றவை இடம் கிடைத்துத் தேறும். தூண்டில் போடுவோர் முந்தைய நாளே சாக்கை எடுத்துவிட்டால் மீன் விரைவில் கடிக்கும்; திரும்ப விடுவதற்கான சிறு மீனை ஈரக் கையால் பிடித்துத் தூண்டில் முள்ளை நீக்கினால் மேல்வழுவழுப்பு உரியாது. எத்தனை எடுத்தோம், என்ன எடை என்பதை ஒரு நோட்டில் குறித்துவந்தால், அடுத்த முறை எத்தனை குஞ்சு வாங்குவது என்பதற்கு அந்த நோட்டே விடை சொல்லும்.