சீல் வைக்க முடியாத நாற்காலி: நுகர்வோர் பாதுகாப்புத் தொழில்முறை அமைப்பின் தலைவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுகர்வோர் பாதுகாப்பில் மூன்று தரப்பு உண்டு. சட்டத்தை அமல்படுத்தும் அரசுத் துறை ஒன்று. வாங்குபவர் பக்கம் நின்று குரல் கொடுக்கும் நுகர்வோர் சங்கம் இன்னொன்று. எடையளவு ஆய்வாளர், பொருள் பாதுகாப்பு அலுவலர், புகார் ஆலோசகர் என்று இந்த வேலையைத் தொழிலாகச் செய்பவர்கள் சேர்ந்து நடத்தும் தொழில்முறை அமைப்பு மூன்றாவது. இங்கே பேசுவது மூன்றாவதன் தலைவரைப் பற்றி. இந்த நாற்காலியில் உட்காருபவர் செய்யும் தவறுகளில் பாதி, தாம் மற்ற இரண்டில் ஒன்றுக்குத் தலைவர் என்று நினைத்துக்கொண்டு பேசுவதால் வருபவை.

அவரால் கடைக்குச் சீல் வைக்க முடியாது. அபராதம் போட முடியாது. ஒரு பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட முடியாது. தேர்வு நடத்துவது, தகுதிச் சான்று தருவது, உறுப்பினருக்கான நடத்தை விதியை வகுப்பது ஆகியவை அவருடைய அமைப்பின் கையில் இருக்கின்றன. அதற்கு மேல் அவரிடம் இருப்பது சொல் மட்டும்தான். அந்தச் சொல் ஒரு தடவை பிசகினால், களத்தில் நிற்கும் ஆய்வாளரைப் பார்த்து வியாபாரி, "உங்க தலைவரே தப்பாத்தானே சொன்னாரு" என்பார்.

மைக் முன்னால்

"என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள்?" என்று நிருபர் கேட்பார். "கடும் நடவடிக்கை எடுப்போம்" என்று வாயில் தானாக வந்துவிடும். எடுக்கும் அதிகாரமே இல்லாதபோது அது பொய் வாக்குறுதி. மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: இதுவரை உறுதியாகத் தெரிந்தது என்ன, மக்கள் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும், நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது. இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். செய்தியில் ஒரே ஒரு வரியை எடுத்துப் போட்டாலும், அது முதல் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

விசாரணை நடக்கும்போது நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சொன்னால், கிடங்கில் இருக்கும் சரக்கு இரவோடு இரவாக இடம் மாறும். பின்னால் நீதிமன்றத்தில், "எங்களை முன்பே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு வாதிடும். பலர் சறுக்குவது அடுத்த படியில். "விசாரணை நடப்பதால் கருத்துச் சொல்ல இயலாது" என்பதே விசாரணை நடக்கிறது என்று உறுதிசெய்துவிடுகிறது. "தனி நிறுவனங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை" என்பதே பாதுகாப்பான பதில். ஆனால் விசாரணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் மட்டும் விதியைத் தளர்த்தி, "அந்த நிறுவனத்தின் மேல் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டால், மறுமுறை நீங்கள் காக்கும் மௌனத்துக்கு அர்த்தம் வந்துவிடும்.

பாதுகாப்பு எச்சரிக்கை

"மலிவான சார்ஜர்கள் ஆபத்தானவை" என்று அறிக்கை விடுவது வீண். படித்தவர் வீட்டில் இருக்கும் சார்ஜரை என்ன செய்வார்? பயன்படும் எச்சரிக்கையில் ஆறு விவரங்கள் இருக்கும்: பிராண்டும் மாடலும், பேட்ச் எண்ணும் அது பொருளில் அச்சாகியிருக்கும் இடமும், விற்பனையில் இருந்த காலம், ஆபத்து எது (மின்னதிர்ச்சியா, தீயா, மூச்சடைப்பா), உடனே செய்ய வேண்டியது, தொடர்புகொள்ள வேண்டிய இடம். "வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள்" என்ற வரியைச் சேர்க்கப் பலர் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அதே சார்ஜர் பழைய பொருள் சந்தை வழியாக இன்னொரு வீட்டுக்குப் போகும்.

அறிவியல் பிசகினால் எச்சரிக்கையே ஆபத்தாகும். பட்டன் பேட்டரியைப் பற்றிப் பேசுபவர்கள், "பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் ரசாயனம் கசியும்" என்று சொல்லிவிடுகிறார்கள். முக்கியமான காரணம் அது இல்லை. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான திசு வழியே மின்னோட்டம் பாய்கிறது. பேட்டரியின் எதிர்மின் (−) முனைப் பக்கத்தில் கடுமையான காரம் உருவாகித் திசுவை அரிக்கிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான காயம் ஏற்படலாம். 20 மி.மீ. விட்டமுள்ள லித்தியம் வகை குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கும் அளவு என்பதால் மோசமானது. கசிவுதான் காரணம் என்று நம்பும் பெற்றோர், "பேட்டரி உடையவில்லையே" என்று காத்திருப்பார்கள். "தீர்ந்துபோன பேட்டரிதானே" என்றும் விட்டுவிடுவார்கள். ரிமோட்டை இயக்க வலுவில்லாத பேட்டரியிலும் திசுவைச் சுடுமளவு மின்சாரம் மிச்சம் இருக்கும். ஆகவே சொல்ல வேண்டியது: விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனை, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அறிக்கை வெளியே போகும் முன் அந்தத் துறை தெரிந்த உறுப்பினர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் படித்தாக வேண்டும். தலைவர் தனியாக எழுதி அனுப்பும் அறிக்கையில்தான் இந்த மாதிரிப் பிழைகள் நுழைகின்றன.

இன்னொன்று, நிறுவனம் தரும் உறுதியைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. 2016 செப்டம்பரில் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றது. அதுவரை விற்றிருந்தவை சுமார் 25 லட்சம். மாற்றாகக் கொடுத்த போன்களிலும் தீப்பிடித்தது. அக்டோபரில் உற்பத்தியே நின்றது. இரண்டு தயாரிப்பாளர்களின் பேட்டரிகளில் இரண்டு வேறு குறைகள் இருந்தன என்று 2017 ஜனவரியில் நிறுவனம் விளக்கியது. இடைப்பட்ட வாரங்களில், "மாற்று போன் பாதுகாப்பானது" என்று எந்தத் தொழில்முறை அமைப்பின் தலைவராவது தன் பெயரில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "மாற்றுப் பொருள் பாதுகாப்பானது என்று நிறுவனம் தெரிவித்துள்ளது" என்று சொல்லி, யார் சொன்னது என்பதைக் கூடவே வையுங்கள்.

எண்களில் வரும் வழுக்கல்

சந்தேகப்பட்ட 20 கடைகளில் மாதிரி வாங்கிச் சோதிக்கிறார்கள், 12 தேறவில்லை. "சந்தையில் 60 சதவீதம் போலி" என்று தலைப்புச் செய்தி வருகிறது. சந்தேகப்பட்ட இடத்தில் தேடினால் தவறு கிடைக்கத்தான் செய்யும்; அந்த விகிதம் சந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. "சந்தேகத்தின் பேரில் எடுத்த 20 மாதிரிகளில் 12 தேறவில்லை" என்பது மட்டுமே உண்மை. குலுக்கல் முறையில் 50 மாதிரி எடுத்து 30 தேறாமல் போனாலும், 60 என்ற அந்த எண் இரு பக்கமும் ஏறக்குறைய 14 சதவீதப் புள்ளி ஆடும்; அதாவது உண்மை விகிதம் 46-க்கும் 74-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 5 புள்ளிக்குள் சொல்ல ஏறக்குறைய 400 மாதிரி வேண்டும். சோதனைச் செலவைப் பார்த்தால் அது பெரும்பாலும் முடியாது. முடியாதென்றால் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

புகார் எண்ணிக்கையும் இப்படித்தான். புகார் செய்யும் வழியை எளிதாக்கிய ஆண்டில் புகார்கள் கூடும். அதை "மோசடி அதிகரித்துவிட்டது" என்று படிப்பவர், அடுத்த ஆண்டு ஊழியர் குறைந்து தொலைபேசி எடுக்க ஆளில்லாமல் புகார் குறையும்போது, "மோசடி குறைந்துவிட்டது" என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

மேடைப் பேச்சுக்கும் இதே கறார் தேவை. உலக நுகர்வோர் உரிமை நாளான ஒவ்வொரு மார்ச் 15-ம் தேதியும், "கென்னடி அறிவித்த எட்டு உரிமைகள்" என்று யாராவது பேசுகிறார்கள். 1962-ல் அமெரிக்க அதிபராக இருந்த அவர் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் இருந்தவை நான்கு: பாதுகாப்பு, தகவல், தேர்வு, குரல் கேட்கப்படும் உரிமை. மற்றவை பின்னால் நுகர்வோர் இயக்கம் சேர்த்தவை. ஐ.நா.வின் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் 1985-ல் வந்து, 1999-ல் விரிவாகி, 2015-ல் திருத்தப்பட்டன. மின்வணிகம் பற்றிய பேச்சுக்கு 1985 வடிவத்தை மேற்கோள் காட்டுவது, காலாவதியான பொருளை அடுக்கில் வைப்பதற்குச் சமம். நுகர்வோர் பாதுகாப்புக்காரர்கள் அதைச் செய்யலாமா?

"ஏமாந்தார்" என்ற வினை

நம் மொழியிலேயே ஒரு பொறி இருக்கிறது. "முதியவர் பத்து லட்சம் ஏமாந்தார்" என்று எழுதினால் வாக்கியத்தின் எழுவாய் முதியவர். செயலைச் செய்தவரும் அவரே. திருடியவன் வாக்கியத்திலேயே இல்லை. "ஏமாறுபவர் இருக்கும்வரை ஏமாற்றுபவர் இருப்பார்" என்ற பழகிய வாசகத்தை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கும் தலைவர், பணத்தை இழந்து வீட்டில் வெட்கத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம், "புகார் கொடுக்காதே" என்று சொல்லி அனுப்புகிறார். வெட்கம்தான் மோசடிக்காரனின் பெரிய பாதுகாப்பு. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும்; வங்கியால் நிறுத்த முடிந்தால் அது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான்.

"ஒரு கும்பல் முதியவரிடமிருந்து பத்து லட்சத்தைப் பறித்தது" என்று எழுதுங்கள். "பேராசையால்", "அறியாமையால்" போன்ற சொற்களை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். "விழிப்புடன் இருங்கள்" என்பதும் அறிவுரை ஆகாது. விழிப்பு என்றால் என்ன செய்வது? "உங்களுக்கு வந்த அழைப்பைத் துண்டியுங்கள், வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணை நீங்களே அழையுங்கள்" என்பது அறிவுரை. மோசடி முறையை விவரிக்கும்போது, அடையாளம் காணத் தேவையான அளவோடு நிறுத்துங்கள். செய்முறைக் குறிப்பு ஆகிவிடக் கூடாது.

ஸ்பான்சர்

ஆண்டு மாநாட்டுக்குப் பணம் வேண்டும். கொடுக்க முன்வருபவர்களில் பலர் உங்கள் உறுப்பினர்களின் கண்காணிப்பில் இருக்கும் நிறுவனங்கள். எல்லாவற்றையும் மறுத்தால் மாநாடு நடக்காது. எல்லாவற்றையும் ஏற்றால் அமைப்பு நிற்காது.

சிக்கல் என்னவென்றால், எந்த நிறுவனத்தின் மேல் விசாரணை நடக்கிறது என்பது தலைவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால் காரணம் கேட்காமல் கேட்கும் முறை வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன் ஸ்பான்சர்களின் பட்டியலை மூத்த அமலாக்க உறுப்பினர்கள் சிலருக்கு அனுப்பி, "ஆட்சேபம் உண்டு / இல்லை" என்று மட்டும் பதில் கேளுங்கள். பட்டியலில் நான்கைந்து பெயர்களாவது இருக்கட்டும். ஒரே பெயரை அனுப்பினால் வரும் பதிலே தகவல் கசிவாகிவிடும். ஆட்சேபம் வந்தால், "இந்த ஆண்டு இடமில்லை" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று ஷரத்து இருந்தாக வேண்டும்: பேச்சாளரையும் அமர்வையும் ஸ்பான்சர் தேர்ந்தெடுக்க முடியாது, அமைப்பின் இலச்சினையை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது, அமலாக்க நடவடிக்கை பகிரங்கமானால் அமைப்பு உடனே விலகலாம். இரண்டாவதை விட்டால், ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பெட்டியின் மேல் உங்கள் இலச்சினை "அங்கீகாரம் பெற்றது" போலச் சிரிக்கும்.

அரசுக்குக் கருத்து அனுப்பும்போது

சட்ட வரைவு வெளியாகி, கருத்துச் சொல்ல எட்டு வாரம் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வாரம் தூங்கிவிட்டு, கடைசி இரவில் 40 பக்கம் அனுப்புவது வழக்கமான தவறு. அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. முதல் வாரமே எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று முடிவெடுங்கள். எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மூன்று வாரம் களத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். "இந்தப் பிரிவு நல்லதா?" என்று கேட்காமல், "இது சட்டமானால் உங்கள் அடுத்த ஆய்வில் எந்த ஆவணத்தைக் கேட்பீர்கள், அவர்கள் மறுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஓட்டை அங்கேதான் தெரியும். ஐந்தாவது வாரம் வரைவு, ஆறாவது வாரம் குழுவின் ஒப்புதல், ஏழாவது வார முடிவில் அனுப்பிவிடுங்கள். முதல் பக்கத்தில் கோரிக்கைகள் மட்டும். "பிரிவு வலுவாக இருக்க வேண்டும்" என்று எழுதாமல், மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். வரைவு அலுவலர் எடுத்து ஒட்டக்கூடியது அதுதான்.

உள்ளே

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் சம்பளம் வாங்கும் தலைமைச் செயல் அலுவலரும் ஒரே வேலையைச் செய்தால் ஊழியர்கள் இரண்டு எஜமானர்களிடம் மாட்டிக்கொள்வார்கள். ஊழியரை நேரடியாக அழைத்து வேலை சொல்வதைத் தலைவர் நிறுத்த வேண்டும். வாரம் அரை மணி நேரம் இருவரும் பேசினால் போதும். எந்தப் பொருளில் யார் ஊடகத்தில் பேசுவது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தப் புகாரோடு வருவார். நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டால் அரை மணியில் தீர்ந்துவிடும். போடாதீர்கள். அந்த நிறுவனத்திடம் நீங்கள் கடன்பட்டவர் ஆகிவிடுகிறீர்கள். அதை அவர்கள் எழுதியும் வைத்திருப்பார்கள். ரசீது, வாங்கிய தேதி, பேச்சுவார்த்தையின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றோடு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதத்தைத் தயாராக வைத்து, எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள்.

கடைசியாக, கொஞ்சம் கூச்சமான விஷயம். மோசடியைப் பற்றி ஊருக்குச் சொல்லும் அமைப்பும் மோசடிக்கு இலக்குதான். தலைவரின் பெயரும் படமும் பேச்சும் பொதுவெளியில் கிடப்பதால், அவர் போலவே பொருளாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, "கூட்டத்தில் இருக்கிறேன், இந்தப் பணத்தை உடனே மாற்றிவிடு" என்று கேட்பது எளிது. குரலைப் போலச் செய்வதும் இப்போது கடினமில்லை. எந்தத் தொகைக்கும் இரண்டு பேர் ஒப்புதல், புதிய வங்கிக் கணக்கு என்றால் ஏற்கெனவே பதிவில் இருக்கும் எண்ணை அழைத்துச் சரிபார்ப்பு என்று விதி வையுங்கள். அவசரம் என்று தலைவரே போனில் அதட்டினாலும் இந்த விதி தளராது என்பதையும், அதற்காக ஊழியர் மேல் எந்த வருத்தமும் காட்டப்படாது என்பதையும் தலைவரே எழுதிக் கையெழுத்திட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.