ஜிப்பைப் பிரிப்பதற்கு முன் ரீட்மீயைத் திறங்கள்

மதுரை ஒத்தக்கடையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஹைகோர்ட் பெஞ்ச், இன்னொரு பக்கம் விவசாயக் கல்லூரி. வக்கீல் ஆபீஸ் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், மேலூர்ப் பக்கம் சின்னதாக அச்சகம் வைத்திருப்பவர்கள் என்று பலரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டைப்பிங், பிரின்ட் போக அதிகம் கேட்பது இதுதான்: "அக்கா, ஃப்ரெண்டு ஒரு ஜிப் அனுப்பினான். எல்லாம் பண்ணிட்டேன், ஓப்பனே ஆக மாட்டேங்குது."

ஜிப் என்பது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொட்டலம். அந்த ஜிப்புக்குள் பார்த்தால் ரீட்மீ என்று ஒரு சின்ன ஃபைல் கிடக்கும். அவர்கள் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார்களோ அதற்கான பதில் பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். இலவசமாகப் பகிரப்படும் மென்பொருள் பலவும் யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து, காசு வாங்காமல் எழுதியது. எழுதியதோடு விடாமல், முகம் தெரியாத நமக்காக உட்கார்ந்து வழியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் "இது வேஸ்ட்டுக்கா" என்று டெலிட் பண்ணுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்காகவே சொல்கிறேன், கடைக்கு வருவது பெரும்பாலும் அதுதான்.

முதலில் எட்டிப் பார்ப்பது

வந்த ஜிப்பை உடனே பிரிக்க வேண்டாம். டபுள் க்ளிக் செய்தால் உள்ளே இருப்பதன் பட்டியல் தெரியும். அதில் ரீட்மீ, இன்ஸ்டால், ரிலீஸ் நோட்ஸ், லைசென்ஸ் என்ற பெயர்களைத் தேடுங்கள். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் தெரிந்தால் அதற்குள் போய்ப் பாருங்கள். டாக்ஸ் என்ற ஃபோல்டருக்குள்ளும் இருக்கலாம். பெயருக்குப் பின்னால் டி.எக்ஸ்.டி என்றோ எம்.டி என்றோ இருந்தால் நோட்பேட் போதும். எம்.டி என்பதை எதில் திறப்பது என்று கேட்டு விண்டோஸ் நின்றால் நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் வெறும் எழுத்துதான்.

ரீட்மீயில் முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் நான்கு விஷயத்தையாவது பாருங்கள். எந்த விண்டோஸுக்கு, 32 பிட்டா 64 பிட்டா, இதற்கு முன்னால் வேறு எதையாவது போட்டிருக்க வேண்டுமா, எந்த வரிசையில் செய்ய வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் எத்தனை பிட் என்று தெரியாவிட்டால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் சிஸ்டம் டைப் என்ற வரியைப் பாருங்கள். பிரின்டர் மாதிரியான கருவிகளை ஓட்டவைக்கும் டிரைவர் ஜிப்புகளில் இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர் இருக்கும், மாற்றிப் போட்டால் ஏறாது.

உள்ளே இருந்தபடியே ஓட்டக்கூடாது

நான் பார்க்கும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன. ஜிப்பை டபுள் க்ளிக் செய்ததும் அது சாதாரண ஃபோல்டர் மாதிரியே திறக்கிறது. அதனால் பிரித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே தெரியும் செட்டப்பை அப்படியே க்ளிக் செய்கிறார்கள். விண்டோஸ் அந்த இடத்தில் ஒரு பெட்டியைக் காட்டி, இந்த புரோகிராமுக்கு உள்ளே இருக்கும் மற்ற ஃபைல்களும் தேவைப்படலாம், முதலில் எல்லாவற்றையும் எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்கள் என்று கேட்கும். அதில் ரன் என்பதை அழுத்திவிடுகிறார்கள்.

அப்போது நடப்பது இது. க்ளிக் செய்த அந்த ஒரு ஃபைலை மட்டும் விண்டோஸ் எடுத்து, டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் வைத்து ஓட்டுகிறது. அதோடு சேர்ந்து வரவேண்டிய டி.எல்.எல் என்ற துணை ஃபைல்கள், படங்கள், செட்டிங்ஸ் எல்லாம் ஜிப்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. புரோகிராம் தன் பக்கத்தில் தேடுகிறது, ஒன்றும் இல்லை. டி.எல்.எல் காணவில்லை என்று மெசேஜ் வருகிறது.

கல்லூரித் தம்பி ஒருத்தன் புள்ளியியல் மென்பொருள் ஒன்றோடு வந்தான். ஆய்வுக்கு எடுத்த அளவுகளையெல்லாம் அதில் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும், கைடு அவசரப்படுத்துகிறார். டி.எல்.எல் காணவில்லை என்று வந்ததும் அந்தப் பெயரை நெட்டில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து தனியாக அந்த ஃபைலை டவுன்லோடு செய்து சிஸ்டம் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டான். அப்புறம் வேறொன்று காணவில்லை, அதையும் தேடினான். அவன் தேடிய அத்தனையும் ஜிப்புக்குள்ளேயே இருந்தன. எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்ததும் முதல் தடவையிலேயே ஓடியது. வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டவற்றைத் தேடி எடுக்கத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது. யாரோ போட்டுவைத்த டி.எல்.எல்லை இப்படி எடுத்துப் போடவே போடாதீர்கள், அதில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. விஷுவல் சி பிளஸ் பிளஸ், டாட் நெட் போன்ற துணைத் தொகுப்பு வேண்டும் என்று ரீட்மீயில் இருந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்.

வக்கீல் ஆபீஸில் நடப்பது இதே கதையின் இன்னொரு வடிவம். மனு மாதிரிகளை ஜிப்பாகப் போட்டு அனுப்புவார்கள். ஜூனியர் அதைப் பிரிக்காமல் உள்ளிருந்தே வேர்டில் திறந்து, கட்சிக்காரர் விவரத்தை எல்லாம் அடித்துவிடுவார். மேலே ரீட் ஒன்லி என்று சின்னதாகப் போட்டிருப்பதைக் கவனிக்க மாட்டார். ஜிப்புக்குள் அது சேமிக்கப்படாது. வேறு இடம் கேட்டு சேவ் ஆஸ் வந்தால் சரி. டெம்ப் ஃபோல்டரிலேயே போய் உட்கார்ந்துவிட்டால் மறுநாள் அதைத் தேடுவது பெரும்பாடு.

ரீட்மீயை மட்டும் ஜிப்புக்குள்ளிருந்தே திறந்து படிக்கலாம். அதற்கு வேறு எந்த ஃபைலின் துணையும் வேண்டியதில்லை.

எங்கே பிரிப்பது

ரைட் க்ளிக், எக்ஸ்ட்ராக்ட் ஆல். எங்கே என்று கேட்கும்போது டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு டி டிரைவிலோ சி டிரைவிலோ குட்டிப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே பிரியுங்கள். பெயர் நீளம் ஒரு முக்கியமான காரணம். விண்டோஸில் ஒரு ஃபைலின் முழு விலாசமும் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு இன்னமும் பல இடங்களில் வேலை செய்கிறது. டவுன்லோட்ஸ், அதற்குள் ஜிப் பெயரில் ஒன்று, அதே பெயரில் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால் ஆழத்தில் இருக்கும் ஃபைல்கள் பிரியாமல் நின்றுவிடும். ஸ்கிப் என்று அழுத்திவிட்டால் எதை விட்டோம் என்றே தெரியாது.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளும் பிரிக்க வேண்டாம். இன்ஸ்டால் பண்ணாமல் அப்படியே ஓடக்கூடிய போர்ட்டபிள் மென்பொருள்கள் தங்கள் செட்டிங்ஸைத் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதும். அங்கே எழுத அனுமதி கிடைக்காது.

இணையத்திலிருந்து இறக்கிய ஜிப் என்றால், பிரிப்பதற்கு முன்னால் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், ஜெனரல் பக்கத்தின் அடியில் அன்பிளாக் என்று இருக்கிறதா பாருங்கள். வெளியிலிருந்து வந்தது என்று விண்டோஸ் வைக்கும் அடையாளம் அது. பிரித்தால் அந்த அடையாளம் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் போய்விடும், சில புரோகிராம்கள் அதனாலேயே பாதியில் நிற்கும். எடுத்த இடத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் மட்டும் டிக் பண்ணுங்கள்.

திறக்கவே மறுத்தால்

ஜிப் வடிவத்தை 1989-ல் ஃபில் காட்ஸ் கொண்டுவந்தார். ஒரு ஜிப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் அந்த ஃபைலின் கடைசியில்தான் இருக்கும். அதனால் டவுன்லோடு முக்கால்வாசி வந்து அறுந்துபோனால், வந்த முக்கால்வாசியையும் விண்டோஸால் காட்ட முடியாது. இன்வேலிட் என்று சொல்லிவிடும். ஜிப் கெட்டுப்போயிருக்கிறது என்று அனுப்பியவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேரின் ஃபைல் அளவும் ஒன்றா என்று எம்.பி.யில் பார்க்காமல் பைட் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிப் பிரிக்கும் மென்பொருளான செவன் ஜிப் போட்டிருந்தால் டெஸ்ட் ஆர்க்கைவ் என்று ஒன்று இருக்கும், அதுவே சரிபார்த்துச் சொல்லும். ஃபைல் மாறாமல் வந்ததா என்று பார்க்க, தளத்தில் ஷா 256 என்று ஒரு நீளமான எண்ணும் எழுத்துமாகக் கொடுத்திருந்தால் அதையும் செவன் ஜிப்பின் ரைட் க்ளிக் மெனுவிலேயே எடுத்து ஒத்துப்பார்க்கலாம்.

ஜிப் மாதிரியே சுருக்கிக் கட்டும் இன்னொரு வடிவமான ரார் ஃபைல் என்றால் 2023-க்குப் பிந்தைய அப்டேட் உள்ள விண்டோஸ் 11 தானே திறக்கும். அதற்கு முந்தையவற்றுக்கு செவன் ஜிப் போதும், இகோர் பாவ்லோவ் எழுதியது, 1999-லிருந்து இலவசமாகவே இருக்கிறது.

பார்ட் 1, பார்ட் 2 என்று துண்டுதுண்டாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, பெயரை மாற்றாமல், முதல் துண்டை மட்டும் பிரியுங்கள். மற்றவற்றை அதுவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பிரிப்பதால் பயனில்லை. இப்படித் துண்டு போடுவதற்கு ஒரு காரணம் பென்டிரைவ். ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும்.

பாஸ்வேர்ட் கேட்டால் அனுப்பியவரின் மெசேஜைத் திரும்பப் படியுங்கள். காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்தாலும் தவறு என்றுதான் சொல்லும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ரீட்மீ பேச்சைக் கேட்க மாட்டேன். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிட்டு இதை ரன் பண்ணுங்கள்" என்று எழுதியிருந்தால் அந்த ஜிப்பை அப்போதே அழித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் பூட்டுடைத்துக் கொடுப்பவர்கள்தான் பெரும்பாலும் அப்படி எழுதுவார்கள். கட்சிக்காரர்களின் ஆதாரும் பத்திரமும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அதைப் போடுவதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது.

தமிழ் ஃபான்ட் ஜிப்புகள்

அச்சகக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆவணியில் கல்யாணப் பத்திரிகை வேலை குவியும் நேரத்தில்தான் புது ஃபான்ட் பேக் ஒன்றை யாராவது கொடுப்பார்கள். மொத்தமாகச் செலக்ட் செய்து இன்ஸ்டால் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் பேஜ்மேக்கரில் கட்டம் கட்டமாக வருகிறது, போட்டோஷாப்பில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறது என்பார்கள்.

நல்ல ஃபான்ட் பேக்கில், இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு ஒரு ஃபோல்டரும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி மாதிரியான பழைய முறைக்கு ஒரு ஃபோல்டரும் தனித்தனியாக இருக்கும். எதற்கு எது என்று ரீட்மீயில் சொல்லியிருப்பார்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் ஆகாது, பழைய முறை ஃபான்ட்தான் வேண்டும். வேர்டில் இன்று யூனிகோடுதான் நல்லது. போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் சரியாக அமைய, ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சற்றுப் பழைய பதிப்புகளில் அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும். ஃபான்ட்டில் ஒரு குறையும் இல்லை.

பழைய தமிழ் ஜிப்புகளில் ரீட்மீயே தமிழில் இருக்கும், ஆனால் திறந்தால் ஒன்றும் புரியாது. வைரஸ் என்று பயந்து மூடிவிட வேண்டாம். சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து தெரிந்தால் அது பாமினி வகையில் அடித்ததாக இருக்கலாம். ஐரோப்பிய மொழிகளில் வருவது போல மேலே கோடும் புள்ளியும் வைத்த எழுத்துகள் தெரிந்தால் டிஸ்கி, டேப், டேம் போன்ற பழைய தமிழ் எழுத்து முறைகளில் ஏதாவது ஒன்று. அந்த ஜிப்பிலேயே இருக்கும் ஃபான்ட்டைப் போட்டுவிட்டு, அந்த எழுத்தை வேர்டில் ஒட்டி ஃபான்ட்டை மாற்றிப் பாருங்கள். வரி வரியாகத் தமிழ் வந்துவிடும்.

பிரின்டர் டிரைவர்

யு.எஸ்.பி கேபிளை எப்போது மாட்டுவது என்று மட்டும் படித்துவிடுங்கள். பல பிரின்டர்களுக்கு முதலில் டிரைவர், அது கேட்கும்போதுதான் கேபிள். முன்கூட்டியே மாட்டினால் விண்டோஸ் தானாக வேறொரு டிரைவரைப் போட்டுவிடும். அதை நீக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் அனுப்பும்போது

அடுத்தவருக்கு ஒரு ஜிப் கொடுத்தால் உள்ளே இருக்கும் ரீட்மீயையும் லைசென்ஸையும் எடுத்துவிடாதீர்கள். பல இலவச மென்பொருள்களுக்கு அந்த லைசென்ஸ் கூடவே போவதுதான் நிபந்தனை. ரீட்மீ ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பக்கத்திலேயே தமிழில் ஒன்று எழுதி வையுங்கள். மென்பொருளின் பெயரும் பதிப்பும், எங்கிருந்து எடுத்தது, எந்த விண்டோஸில் நீங்கள் ஓட்டிப் பார்த்தது, எதற்குப் பிறகு எது, எங்கே மாட்டும் என்று இவ்வளவு இருந்தால் போதும். நோட்பேடில் யூனிகோடில் அடித்து, சேவ் செய்யும்போது யு.டி.எஃப் 8 என்று தேர்ந்தெடுங்கள். ஃபைலுக்கு வைக்கும் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடுங்கள். பழைய ஜிப் மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்துவிடும், உங்கள் குறிப்பு எது என்றே எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் போகும்.