டிவிடி போட்டதும் கணினி உறைந்தால்: பிழை எங்கே என்று பிரித்தறிவது

இறுவட்டைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளியதும் மவுஸ் விட்டுவிட்டு அசையும். ‘திஸ் பிசி’ திறக்காது. டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். உடனே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் ஹாட் டிஸ்க்கில் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டிருந்தால், பழுதாவது டிரைவ் அல்ல, உங்கள் கோப்புகள்தான். டிரைவின் எஜெக்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். இறுவட்டு வெளியே வந்ததும் கணினி பழையபடி ஓடினால், வின்டோஸ் செயலிழக்கவில்லை, வாசிக்க முடியாத ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயன்று காத்திருந்திருக்கிறது என்று அர்த்தம்.

தட்டு திறக்கவே இல்லையென்றால் கணினியை முறையாக நிறுத்தி, மின் வயரைக் கழற்றுங்கள். டிரைவின் முகப்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதற்குள் நேராகத் தள்ளினால் தட்டு சிறிது வெளியே வரும், மிச்சத்தைக் கையால் மெதுவாக இழுக்கலாம். மின்சாரம் இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது. உள்ளே டிவிடி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கலாம். நடுத்துளையருகே வெடிப்பு விழுந்த இறுவட்டை டிரைவில் போடவே வேண்டாம், அந்த வேகத்தில் அது உள்ளே சிதறிவிடலாம்.

இனிப் பிரித்தறிதல். முதலில் டிரைவின் டேட்டா கேபிளையும் பவர் வயரையும் கழற்றிவிட்டு ஒரு நாள் கணினியைப் பாவியுங்கள். அப்போதும் உறைந்தால் டிரைவை விட்டுவிட்டு ஹாட் டிஸ்க்கைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ (வாசிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) எண்ணிக்கை பூச்சியமாக இல்லையென்றால், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள்.

டிரைவ் இல்லாமல் கணினி ஒழுங்காக ஓடினால் திரும்பப் பூட்டி, கடையில் வாங்கிய அச்சு இறுவட்டு ஒன்றையும், ஸ்டூடியோவில் எழுதிய டிவிடி ஒன்றையும், பழைய சிடி ஒன்றையும் மாறி மாறிப் போட்டுப் பாருங்கள். சிடியை வாசிக்க 780 நனோமீற்றர் லேசரும் டிவிடியை வாசிக்க 650 நனோமீற்றர் லேசரும் தேவை. சிடி ஓடி, எந்த டிவிடியும் ஓடாவிட்டால் அந்த ஒரு லேசர் தளர்ந்திருக்கிறது, அந்த டிரைவில் இனிப் பணம் செலவழிப்பது வீண். அச்சு டிவிடி ஓடி, எழுதிய டிவிடி மட்டும் உறைய வைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இறுவட்டை. எழுதிய டிவிடியில் தகவல் ஒரு சாயப் படையில் இருக்கிறது, வெயிலில் கிடந்தால் அது மங்கிவிடும். அதன் மேல் ஒட்டிய காகித லேபிள் ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் போதும், சுழலும்போது தடதடவென்று அதிர்ந்து லென்ஸ் தடம் மாறிவிடும்.

எந்த நேரத்தில் உறைகிறது என்பதையும் கவனியுங்கள். தகவல் ஒரே படையில் உள்ள டிவிடி நடுவிலிருந்து விளிம்பு நோக்கி எழுதப்படுகிறது. போட்ட கணமே உறைந்தால் நடுத்துளையைச் சுற்றிய பகுதியைப் பாருங்கள். அப்படிப்பட்ட டிவிடியில் படம் முக்கால்வாசி ஓடி உறைந்தால் விளிம்புப் பக்கம் விரலடையாளமோ கீறலோ இருக்கலாம்.

மாரி காலத்தில் அலுமாரிக்குள் கிடந்த இறுவட்டுகளில் மெல்லிய பூஞ்சணம் படிவதுண்டு. கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்றின் பிசுபிசுப்பும் சேரும், சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் சேரும். மென்மையான பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக்கூடாது. தடத்துக்குக் குறுக்கே விழும் சிறு கீறலைப் பிழைதிருத்தும் முறை சமாளித்துவிடும், தடத்தோடு நீளமாக ஓடும் கீறலைச் சமாளிக்க அதனால் முடியாது. தின்னரும் பெற்றோலும் பிளாஸ்டிக்கை வெளிறச் செய்யும், கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

எல்லா இறுவட்டுக்கும் உறைகிறதா? அப்படியானால் கணினியில் நடந்த பிழைகளைப் பதிந்துவைக்கும் வின்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, ‘வின்டோஸ் லொக்ஸ்’ என்பதற்குள் ‘சிஸ்டம்’ பக்கத்தில் உறைந்த நேரத்துக்குரிய வரிகளைத் தேடுங்கள். ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ‘சிடிரொம்’ என்ற பெயரில் எண் 7 இருந்தால் வாசிக்க முடியாத பகுதி என்று பொருள், காரணம் இறுவட்டு அல்லது லென்ஸ். எண் 11, அல்லது ‘ஸ்டோர்ஏஎச்சிஐ’ என்ற பெயரில் 129 வந்தால் கேபிள், மின்சாரம், மதர்போட் பக்கம் பாருங்கள்.

டிரைவை மதர்போட்டோடு இணைக்கும் டேட்டா கேபிள், அதாவது சாட்டா கேபிள், மலிவான பொருள், ஆகவே அதை முதலில் மாற்றுங்கள். கூர்மையாக மடிந்ததையும் கிளிப் தளர்ந்ததையும் திரும்பப் பாவிக்காதீர்கள். புதிய கேபிளை மதர்போட்டில் வேறொரு போர்ட்டில் குத்துங்கள், போர்ட்டும் சோதிக்கப்பட்டுவிடும். அடுத்தது மின்சாரம். மேசைக் கணினி டிரைவின் மின்சுற்றுக்கு 5 வோல்ட், மோட்டாருக்கு 12 வோல்ட். மல்ரிமீற்றரால் நான்கு முள் பிளக்கில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரையும், கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் போதாது. இறுவட்டு சுற்றத் தொடங்கும் கணத்தில்தான் மோட்டார் அதிகம் இழுக்கும், அப்போது அளவு சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் பவர் சப்ளை தளர்ந்துவிட்டது. மின்வெட்டும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் அடிக்கடி கண்ட கணினிகளில் இதை முன்னதாகவே பார்ப்பது நல்லது.

யூஎஸ்பி டிரைவுக்கும் இதே கதைதான். யூஎஸ்பி 2.0 போர்ட் தரக்கூடியது 500 மில்லிஅம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. சுழலத் தொடங்கும்போது டிரைவ் அதைவிடக் கூடக் கேட்கலாம். கேஸின் முன்பக்கப் போர்ட்டையும் நீட்டு வயரையும் தவிர்த்து, பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகக் குத்துங்கள். இரட்டைத் தலை கேபிள் கூட வந்திருந்தால் இரண்டு தலையையும் குத்த வேண்டும்.

இன்னும் அகன்ற ஐடிஈ நாடாக் கேபிளோடு ஓடும் பழைய கணினிகளும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஹாட் டிஸ்க்கும் டிரைவும் ஒரே நாடாவில் இருந்தால், டிரைவ் தடுமாறும்போது ஹாட் டிஸ்க்கும் அதற்காகக் காத்துநிற்கும், முழுக் கணினியும் கல்லாகிவிடும். டிரைவை இரண்டாவது நாடாவுக்கு மாற்றி, டிரைவின் பின்பக்கத்தில் உள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டை ‘மாஸ்டர்’ நிலையில் வையுங்கள். வின்டோஸ் எக்ஸ்பி இன்னொன்றும் செய்யும்: பிழைகள் 6 சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி இறக்கும், இறங்கி இறங்கிக் கடைசியில் மிக மெதுவான ‘பிஐஓ’ நிலைக்கு வந்துவிடும். பிறகு நல்ல இறுவட்டுக்கும் கணினி திணறும். டிவைஸ் மனேஜரில் அந்த ஐடிஈ சனலை அன்இன்ஸ்டோல் செய்து மறுபடி தொடக்கினால் வேகம் திரும்பும்.

லென்ஸைத் துடைப்பது கடைசிப் படி. லப்டொப் டிரைவில் தட்டைத் திறந்தாலே லென்ஸ் தெரியும். மேசைக் கணினி டிரைவை வெளியே எடுத்து, அடித்தகட்டின் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஒரு துளி மட்டும் விட்டு, அழுத்தாமல் தொட்டு எடுங்கள். லென்ஸ் மிக மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் அவை வளைந்து டிரைவ் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் காயவிட்டுப் பூட்டுங்கள். திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்து லேசரைப் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.

புதிய டிரைவை வாங்கிவிடலாம், இறுவட்டில் உள்ளதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வில் அல்பங்களை இழந்த வீடுகளில், வெளிநாட்டு உறவினர் பழைய வீடியோ நாடாவிலிருந்து மாற்றி அனுப்பிய ஒரு டிவிடிதான் அம்மம்மாவின் முகம் இருக்கும் ஒரே இடமாக இருக்கலாம். அப்படிப்பட்டதை உறைய உறையத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் இருந்து தொடக்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு இறுவட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். செக்டர் அளவை 2048 பைட் என்று கொடுங்கள், எவ்வளவு எடுத்தாயிற்று என்று பதியும் மப் கோப்புக்கும் ஒரு பெயர் கொடுங்கள், இரண்டையும் ஹாட் டிஸ்க்கில் சேமியுங்கள். வின்டோஸில் பிரதி எடுத்தால் ஒரு பழுதான இடத்திலேயே முழுக் கோப்பும் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது மிஞ்சியிருக்கிறது என்பது மப் கோப்பில் பதிந்திருப்பதால், நண்பரின் கணினியில் வேறு டிரைவில் அதே கோப்புகளோடு தொடர்ந்தால் அது விடுபட்ட இடங்களை மட்டும் நிரப்பும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொரு டிரைவ் வாசித்துவிடும் சந்தர்ப்பம் அதிகம்.

வேலை முடிந்ததும் அந்த ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்து, தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். சரியாக ஓடினால் வேறொரு ஹாட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு, இறுவட்டை உறையிலிட்டு வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.