பிரித்துப் போட்ட எம்ஜிபி: முதலில் நட்டு, அப்புறம்தான் எஞ்சின்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை அக்கக்காகப் பிரித்த நிலையில் வாங்கினால், உடனே பூட்ட உட்காராதீர்கள். மைலோ டின்னில் ஒன்றாகக் கொட்டிவைத்த நட்டு, போல்ட்டுகளை முதலில் பிரித்தெடுங்கள். 1962 முதல் 1980 வரை வந்த இந்த பிரிட்டிஷ் காரில் பெரும்பாலும் அங்குலக் கணக்குதான். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனர் உட்காரும், ஆனால் இறுக்கும்போது வழுக்கி, முனைகளை மழுக்கிவிடும். அங்குல செட் வாங்குவது வீண் செலவே இல்லை.

எஞ்சினுக்குள் பிஸ்டனை கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகளை மட்டும் மாற்றிப் போடவே கூடாது. அந்தந்த ராடோடு சேர்த்தே கட்டி வையுங்கள். அப்புறம், நம் செம்பனைத் தோட்டத்து ஈரக்காற்று! பெயின்ட் இல்லாத இரும்புக்கு எண்ணெய் தடவி, ஜிப் பையில் போடுங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம், ஈரத்தை உறிஞ்சும்.