அக்டோபர் விடுமுறைக்குக் கிரீட் தீவு: பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு

அக்டோபர் பிறந்துவிட்டால் லண்டனில் நம் குடும்பங்களுக்குள் ஒரே பேச்சுதான்: ஹாஃப் டெர்முக்கு எங்கே போகலாம்? பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு. வெளியே மழை, ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. நாலு மணி நேரம் விமானத்தில் போனால், அந்த வாரத்திலும் கடலில் இறங்கிக் குளிக்கிற இடம் ஒன்று இருக்கிறது: கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவான கிரீட்.

நாங்கள் மூன்று முறை போய்விட்டோம். முதல் பயணத்தில், ஆகஸ்ட் மாதத்துக்குப் போடுகிற திட்டத்தையே அக்டோபருக்கும் போட்டோம். அதனால் பாதி வாரம் வீணானது. இலையுதிர் காலத்துக்கு வேறு கணக்கு வேண்டும். அதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: தேதியைப் பாருங்கள்

கிரீட்டின் கடற்கரை ரிசார்ட்டுகளில் பெரும்பாலானவை அக்டோபர் கடைசியில், அல்லது நவம்பர் முதல் சில நாட்களில் மூடிவிடும். பிரிட்டனிலிருந்து போகும் நேரடி விமானங்களில் பலவும் அப்போதே நின்றுவிடும். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு நவம்பரைத் தொடும் வாரத்தில் லீவு என்றால், ஓட்டல் மூடும் தேதியையும் திரும்பி வரும் விமானத்தையும் உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

வெயில் எப்படி இருக்கும்? பகலில் 22, 23 டிகிரி. கடல் நீரும் ஏறக்குறைய அதே சூடுதான். கோடை முழுக்க வாங்கிய வெப்பத்தைக் கடல் மெல்லத்தான் விடும் என்பதால், மே மாதத்தைவிட அக்டோபரில் தண்ணீர் இதமாக இருக்கிறது. ஆனால் மழைக்காலம் தொடங்கும் நேரமும் அதுதான். ஏழு நாளில் இரண்டு நாள் மழைக்கு என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: பாஸ்போர்ட்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால், அங்கே போய் இறங்கும் நாளில் அது வாங்கி 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்கு அப்புறம் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் யாரிடமாவது இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் இருந்தால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் சிரமம், அதனால் கோடையிலேயே ஆரம்பியுங்கள்.

படி 3: ரிசார்ட்டுக்கு முன்னால் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான்.

முதல் தடவை நாங்கள் எடுத்த ஓட்டல், சுற்றுலாவுக்காகவே கட்டிய ஒரு கடற்கரைத் தெருவில் இருந்தது. படங்களில் ஜேஜே என்றிருந்தது. நாலாம் நாள் காலை பால் வாங்கப் போனேன். கடைக்காரர் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, மூடி விழாமல் ஒரு அட்டையை மடித்துச் சொருகி வைத்திருந்தார். உள்ளே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் தெருவில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கடைதான் திறந்திருந்தது. "அப்பா, எல்லாரும் எங்க போய்ட்டாங்க?" என்று சின்னவள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

ஆகையால், வருஷம் பூரா ஆட்கள் வாழும் ஊரை ஒட்டிய ரிசார்ட்டாக எடுங்கள். வடக்குக் கரையில் ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன், அகியோஸ் நிக்கோலாவோஸ் எல்லாம் அப்படிப்பட்ட ஊர்கள். சுற்றுலாக்காரர்கள் போனாலும் அங்கே பேக்கரி திறக்கும், மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்கு எரியும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ரெதிம்னோ. ஊரின் கிழக்கு ஓரத்திலிருந்தே மணல் கடற்கரை தொடங்கி 10 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ரிசார்ட்டுகள் அதன் ஓரமாகவே வரிசையாக இருக்கின்றன. சாயங்காலம் பழைய ஊருக்குள் போனால் வெனிஸ்காரர்கள் காலத்துச் சந்துகள், கலங்கரை விளக்கோடு ஒரு குட்டித் துறைமுகம், மேலே ஃபோர்ட்டெட்ஸா கோட்டை. கார் ஓடாத சந்துகள் நிறைய இருப்பதால் பிள்ளைகளைக் கையை விட்டு நடக்கவிடலாம்.

எலஃபோனிசி கடற்கரையின் இளஞ்சிவப்பு மணலைப் படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவார்கள். ரெதிம்னோவிலிருந்து போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும், கடைசிப் பகுதி மலைப்பாதை. வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் இந்த முறை விட்டுவிடுங்கள்.

படி 4: ஓட்டலுக்கு ஒரு மெயில்

முன்பதிவுக்கு முன் இவற்றைக் கேளுங்கள். நான் வரும் தேதிகளில் நீச்சல் குளத்தைச் சூடாக்குவீர்களா, எத்தனை டிகிரிக்கு? பிள்ளைகள் கிளப் கடைசி வாரம் வரை நடக்குமா, எந்த வயதிலிருந்து சேர்ப்பீர்கள்? அறையின் ஏசி சூடான காற்றும் தருமா?

குளத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். "சூடான குளம்" என்று போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் பெரியவர்களுக்கான உள்குளம் மட்டும்தான் சூடாக இருக்கும். இரவுக் குளிரில் வெளிக்குளம் சட்டென ஆறிவிடுகிறது. எங்கள் சின்னவள் ஐந்து நிமிஷத்தில் உதடு நீலம் பாரித்து வெளியே வந்தாள். பத்தடி தள்ளி இருந்த கடலோ வெதுவெதுப்பாக இருந்தது.

பேக்கேஜில் சேராத செலவு ஒன்று உண்டு: அரசு வாங்கும் காலநிலைக் கட்டணம். ஓட்டலில்தான் கட்ட வேண்டும். 2025 கணக்கில் அக்டோபர் வரை நான்கு நட்சத்திர ஓட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 யூரோ, ஐந்து நட்சத்திரத்தில் 15 யூரோ. ஏழு இரவு, இரண்டு அறை என்றால் பெருக்கிப் பாருங்கள்.

படி 5: போக்குவரத்து

தீவில் ஹெராக்லியோன், ஹானியா என இரண்டு பெரிய விமான நிலையங்கள். ரெதிம்னோ இரண்டுக்கும் நடுவில். ஹானியாவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஹெராக்லியோனிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட. மூன்று ஊர்களையும் கேடெல் (KTEL) நிறுவனத்தின் பஸ்கள் இணைக்கின்றன, பெரிய பெட்டி இருந்தாலும் கீழே வைத்துக்கொள்வார்கள். வாரம் முழுக்கக் கார் வேண்டியதில்லை. இரண்டு நாள் போதும். வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவர் முந்த நினைத்தால், உள்ளூர்க்காரர்கள் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழிவிடுவார்கள். நீங்கள் அவசரப்படாமல் உங்கள் வேகத்திலேயே போங்கள்.

படி 6: நாளைத் தலைகீழாகப் போடுங்கள்

கோடையில் மதியம் அறையில் தூங்கிவிட்டுச் சாயங்காலம் கடலுக்குப் போவோம். அக்டோபரில் அது நடக்காது. மாதத்தின் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும், அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை பத்தரையிலிருந்து இரண்டு மணி வரை கடல், அப்புறம் தலை துவட்டிச் சாப்பாடு, அதற்கு மேல் ஊர் சுற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்குக் காற்று அடித்து அலை எழும் நாளில் பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். சீசன் கடைசியில் பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருக்க மாட்டார்கள்.

மழை நாளுக்கு ஹெராக்லியோன். அங்கே தொல்லியல் அருங்காட்சியகத்தில் பாம்பைக் கையில் பிடித்த பெண் சிலையையும், இன்னும் யாரும் படித்து முடிக்காத எழுத்துகள் உள்ள ஃபைஸ்டோஸ் வட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிலநடுக்கம் எப்படி இருக்கும் என்று ஆட்டிக்காட்டும் மேடை ஒன்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்ப அதில் போய் உட்கார்ந்தார்கள்.

வானம் வெளுத்த நாளில் க்னோசோஸ் அரண்மனை. ஹெராக்லியோனிலிருந்து 2-ஆம் எண் பஸ் போகிறது. ஒன்றை மட்டும் முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள்: 1900-இல் அகழத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ், இடிந்த பகுதிகளைக் கான்கிரீட் வைத்துத் தன் கற்பனைப்படி எழுப்பினார். சிவப்புத் தூண்கள் அவர் காலத்தவை. கீழே இருக்கும் கற்களும் பெரிய ஜாடிகளும் பழங்காலத்தில் இங்கே வாழ்ந்த மினோவர்களுடையவை. எது பழசு, எது புதுசு என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் சலிக்காமல் நடப்பார்கள்.

அக்டோபர் 28 உங்கள் வாரத்தில் வந்தால் அதிர்ஷ்டம். 1940-இல் முசோலினியின் இறுதி எச்சரிக்கையைக் கிரேக்கம் மறுத்த நாள் அது. "ஓஹி", அதாவது "முடியாது" என்பதே அந்த நாளின் பெயர். காலையில் பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து அணிவகுப்பார்கள், பாட்டிகள் நடைபாதையில் நின்று பேரனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் அன்று கட்டணம் இல்லை. கடைகள் மூடியிருக்கும் என்பதால் பால், ரொட்டியை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

படி 7: சாப்பாடு

என் அம்மா சைவம். கிளம்பும்போது அரிசி, பருப்பு, குட்டிக் குக்கர் வரை எடுத்து வைத்திருந்தார். அங்கே ஒரு சொல் எங்களைக் காப்பாற்றியது: "நிஸ்திசிமோ". ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் இருக்காது. விரதத்தில் சிப்பி, கணவாய்க்குத் தடை இல்லை, அதனால் அதை மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வேகவைத்த கீரையில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிய "ஹோர்தா", தக்காளியில் ஊறிய பெரிய வெள்ளை மொச்சை மாதிரியான "யிகாந்தெஸ்", அரிசி அடைத்த குடைமிளகாய். அம்மா ஹோர்தாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். குக்கர் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பழமும் ஒரு சின்னக் குப்பியில் ராக்கியும் கேட்காமலேயே வரும். ராக்கி சாராயம், சிறுவர்கள் தண்ணீர் என்று எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: பெட்டி

நீச்சல் உடையோடு ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், கூழாங்கல் கரைக்கு ரப்பர் செருப்பு, கொசு மருந்து. பிரிட்டனில் இருப்பவர்கள் ஐரோப்பாவில் அரசு மருத்துவ உதவி பெற இலவசமாகக் கிடைக்கும் ஜிஹெச்ஐசி (GHIC) அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், பயணக் காப்பீடும் தனியாக வேண்டும். அவசர எண் 112. டாய்லெட் பேப்பரை டாய்லெட்டுக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடும்படி பிள்ளைகளை முதல் நாளே பழக்கிவிடுங்கள், அங்கே குழாய்கள் குறுகல்.

திரும்பும்போது பெட்டியில் ஆலிவ் எண்ணெய்த் தகரத்துக்கு இடம் விடுங்கள். கைப்பையில் கொண்டுபோக முடியாது. சீஸ் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பால் பொருட்களைப் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. நாங்கள் மீதமிருந்த மிஸித்ரா சீஸைக் கடைசி நாள் காலை, ரொட்டியில் தேனோடு தடவிக் கடற்கரையில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.