பழங்காசு விலையில் நாம் கோட்டை விடும் இடங்கள்

ஆயிரம் வருஷத்துக் காசு என்றால் ஆயிரக்கணக்கில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நினைப்பது முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது. வயது கூடினால் விலை கூடும் என்று ஒரு விதியும் கிடையாது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு ரோமானியச் சிறு காசுகள் மண்ணுக்குள்ளிருந்து பானை பானையாக வெளியே வந்திருக்கின்றன. 2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரே பானையில் மட்டும் 52,503 காசுகள் இருந்தன. அதனால்தான் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துத் தேய்ந்த காசு ஒன்றை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை ஒட்டியே வாங்கிவிட முடிகிறது. அதே நேரம், நம் தாத்தா காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) காசு, குறைவாக அச்சான ஆண்டாகவும் தேயாததாகவும் இருந்தால், அதைவிடப் பல மடங்கு விலை போகும். எத்தனை காசு சந்தையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் விலை.

தமிழர்களுக்கென்றே ஒரு தவறு தனியாக இருக்கிறது. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ கோலாலம்பூரில் ஏதாவது பழம்பொருள் கடையிலோ தமிழ் முகத்தைப் பார்த்ததும் ஒரு செப்புக் காசு வெளியே வரும். "அண்ணே, இது ராஜராஜ சோழன் காசு. கெடாவுல மண்ணு தோண்டுறப்ப கிடைச்சது. உங்களுக்குன்னா முந்நூறு வெள்ளி (ரிங்கிட்)." கெடாவின் பழைய பெயரான கடாரம் ஞாபகத்துக்கு வந்ததுமே பலருக்குக் கை தானாகப் பைக்குள் போய்விடும்.

அவசரப்படாமல் காசைப் பாருங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. சோழர் காசுகளிலேயே மிகச் சாதாரணமான வகை இது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. தேய்ந்ததைத் தமிழ்நாட்டு நாணயக் கண்காட்சிகளில் சில நூறு ரூபாய்க்கே எடுக்கலாம். புலி, மீன், வில் மூன்றும் சேர்ந்த சோழர் பொன், வெள்ளிக் காசுகளின் கதை வேறு, அவை அரியவை. ஆகவே "சோழர் காசு என்ன விலை?" என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் வராது. எந்த வகை, எந்த உலோகம், எந்த நிலை என்று கேட்க வேண்டும்.

இந்தச் செப்புக் காசிலேயே ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கும். அச்சை விடத் தகடு சிறியதாக இருந்ததால் பல காசுகளில் எழுத்தோ உருவத்தின் தலையோ விளிம்புக்கு வெளியே போய்விட்டது. பூதக்கண்ணாடியை வைத்து 'ஸ்ரீ'யில் தொடங்கிக் கடைசி எழுத்து வரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக விழுந்திருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பாதி விழுந்ததற்கு முழு விலை கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அப்புறம் அந்தக் கடாரக் கதை. 1025இல் படையெடுத்து வந்தவன் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன். இந்தக் குறிப்பிட்ட காசு அந்தப் படையோடு வந்தது என்று சொல்ல அகழாய்வுப் பதிவு வேண்டும், கடைக்காரரின் வாய்ப்பேச்சு போதாது. உண்மையிலேயே கெடா மண்ணில் தோண்டி எடுத்ததென்றால் சிக்கல் இன்னும் பெரிது: மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி அப்படிக் கிடைத்ததை அதிகாரிகளிடம் தெரிவித்திருக்க வேண்டும். விலையை ஏற்றுவதற்காகச் சொன்ன கதை, வாங்காமல் விடுவதற்குத்தான் காரணமாகிறது. இந்தியாவிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த காசு என்று யாராவது பெருமையாகச் சொன்னாலும் இதே கதைதான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருள் சட்டம் விடுவதில்லை.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. கேட்பதற்குக் காசா பணமா? யாரும் எவ்வளவும் கேட்கலாம். மூன்று வருஷமாக விற்காமல் கிடக்கும் காசின் விலைச்சீட்டைக் காட்டி "பாருங்க, உலக விலையே இதுதான்" என்பார்கள். இபேயில் தேடும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லித் தேடுங்கள். கோயின்ஆர்க்கைவ்ஸ் போன்ற தளங்களில் ஏலத்தில் போன விலைகள் படத்தோடு இருக்கும். அங்கேயும் ஒரே ஒரு உச்ச விலையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பணக்காரர்கள் ஒரே நாளில் வீம்புக்குப் போட்டிபோட்டால் அப்படி ஆகும். கையில் உள்ளதை ஒத்த ஏழெட்டுக் காசுகளைப் பார்த்து நடுவில் வரும் விலையை எடுங்கள்.

ஏலத்தில் நீங்களே கை தூக்கும்போது வேறொரு கணக்கு இருக்கிறது. சுத்தியல் விழுந்த விலை கடைசி விலை அல்ல. வாங்குபவர் கட்டணம் என்று 20 விழுக்காடோ அதற்கு மேலோ பல நிறுவனங்கள் சேர்க்கும். காப்பீட்டோடு அனுப்பும் செலவு தனி. 500 ரிங்கிட் வரையிலான வெளிநாட்டு இணையக் கொள்முதலுக்கு, பதிவு பெற்ற விற்பனையாளர்கள் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி சேர்க்கிறார்கள். சிறு காசு வாங்கும்போது இந்தக் கூடுதல் செலவு, காசின் விலையையே தாண்டிவிடுவதுண்டு.

மலிவு என்று பாய்வதும் தவறுதான். 1895 முதல் 1935 வரை அச்சான பிரிட்டிஷ் வர்த்தக டாலர் நம் ஊர் மேசைகளில் நிறையக் கிடக்கும். போலியும் அதே அளவு கிடக்கும். அசலின் எடை 26.95 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. லிட்டில் இந்தியா நகைக்கடையில் நிறுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா? இரண்டு கிராம் குறைந்தால் பேச்சே வேண்டாம். எடை சரியாக இருந்தாலும் விளிம்பைச் சுற்றி, வார்த்தெடுத்த போலியில் தெரியும் இணைப்புக்கோடு, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்டு 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று எழுதிய காசைக் கம்பெனி அச்சிடவே இல்லை. அது கோயில் வில்லை மாதிரியான பொருள். அதற்கு அதிசய சக்தி உண்டு, அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் என்று சொல்லி அதை லட்சத்துக்கு விற்க வருபவரிடம் விலை பேசாதீர்கள், வீட்டு முகவரியையும் கொடுக்காதீர்கள்.

பளபளப்புக்குக் காசு கொடுப்பது இன்னொன்று. புளி போட்டுத் தேய்த்த செப்புக் காசு குத்துவிளக்கு மாதிரி மின்னும், ஆனால் சேகரிப்பவர் கண்ணில் அதன் மதிப்பு விழுந்துவிட்டது. சீரான பழைய கருமையோ பச்சையோ இருப்பதே மேல். ஆனால் வெளிர்பச்சையாக, குச்சியால் தொட்டால் மாவாக உதிர்கிறதென்றால் அது செம்பை அரிக்கும் நோய். பினாங்கு ஈரக்காற்றில் அது வேகமாகப் பரவும். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரம் போட்ட காசு என்றால் தரச்சீட்டைப் பார்த்துவிட்டு, காசையும் பாருங்கள். பழங்காசுக்கு, தரம் போடும் நிறுவனமான என்ஜிசி அச்சின் தெளிவுக்கும் பரப்பின் நிலைக்கும் தனித்தனியாக ஐந்துக்கு மதிப்பெண் போடும். பரப்புக்கு இரண்டு வாங்கிய காசுக்கு ஐந்து வாங்கியதன் விலையைச் சொல்லும் கடைகள் இருக்கின்றன.

கடைசியாக, பணம் எடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி: "அண்ணே, அடுத்த மாசம் இதையே திருப்பிக் கொண்டுவந்தா எவ்வளவுக்கு எடுப்பீங்க?" வாடகையும் லாபமும் இருப்பதால் பாதிக்குச் சற்று மேல் சொன்னாலே நல்ல பதில்தான். "இதெல்லாம் நாங்க திருப்பி எடுக்கிறதில்ல" என்றால், அந்த முந்நூறு வெள்ளியில் காசுக்கு எவ்வளவு, கடாரத்துக்கு எவ்வளவு என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.