ஏடெயிலிருந்து ஆர்னெம் பாலம் வரை: காட்டு வழியில் முதல் சைக்கிள் பயணம்

நெதர்லாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். கடைக்கும் ஸ்டேஷனுக்கும் சைக்கிளில் போய்வரப் பழகியிருப்பீர்கள். ஆனால் ஊரைத் தாண்டி, காட்டுக்குள் ஒரு முழு நாள் ஓட்டியிருக்க மாட்டீர்கள். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போகும் பாதை ஏடெ என்ற ஊரில் தொடங்கி ஆர்னெம் பாலத்தில் முடிகிறது. சுற்றி வளைத்தால் 25 முதல் 30 கிலோமீட்டர் வரும். பேலுவெ காட்டின் தெற்கு ஓரம் இது. இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் இந்தப் பக்கத்தில் இறங்கித்தான், ஜெர்மானியர் கையிலிருந்த ரைன் ஆற்றுப் பாலத்தைப் பிடிக்க ஆர்னெமை நோக்கி நடந்தார்கள். 17-ஆம் தேதி முதல் பிரிவு இறங்கிய இடத்துக்கும் பாலத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரம்தான் அவர்களைத் தோற்கடித்தது. காரில் வந்து மியூசியம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது பிடிபடாது. அதனால்தான் வீரர்கள் போன திசையிலேயே, மேற்கிலிருந்து கிழக்காக, சைக்கிளில் போகச் சொல்கிறேன். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொடுக்கும் என்பது கூடுதல் வசதி.

முதல் படி: சைக்கிளை எங்கே எடுப்பது

ஏடெயில் வாடகைக்கு எடுத்து ஆர்னெமில் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்டேஷன் வாடகைச் சைக்கிளை எடுத்த இடத்தில் விடாவிட்டால் கூடுதல் கட்டணம் உண்டு. எனவே ஆர்னெம் ஸ்டேஷனில் எடுங்கள். அதோடு ரயிலேறி ஏடெ-வாகனிங்கன் ஸ்டேஷனில் இறங்குங்கள், அங்கிருந்து ஆர்னெமுக்கே ஓட்டி வந்துவிடுங்கள். ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். வேலை நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரங்களில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள், சனி ஞாயிறு பிரச்சினை இல்லை. சைக்கிள் படம் ஒட்டிய கதவு வழியாக ஏறுங்கள்.

நம்மூர்க்காரர்கள் தடுமாறுவது பிரேக்கில். வாடகைச் சைக்கிள் பலவற்றில் கைப்பிரேக் இருக்காது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். முதல் நாள் என் விரல்கள் இல்லாத பிரேக்கைத் தேடி ஹேண்டில்பாரைத் துழாவிக்கொண்டே இருந்தன. கிளம்பும் முன் ஸ்டேஷன் வாசலில் பத்துத் தடவையாவது ஓட்டி நிறுத்திப் பாருங்கள். கால் பழகிவிட்டால் அப்புறம் யோசிக்கவே தேவையில்லை.

இரண்டாம் படி: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

இந்த நாட்டில் சைக்கிளில் வழி கண்டுபிடிக்க வரைபடத்தை விரித்துப் பிடிக்க வேண்டியதில்லை. பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். இதை க்னோப்பண்ட் என்பார்கள், முடிச்சுப் புள்ளி என்று சொல்லலாம். ஒரு புள்ளியில் நின்றால் அடுத்த புள்ளியின் எண்ணும் அம்புக்குறியும் பலகையில் இருக்கும். அந்த அம்பைப் பிடித்துப் போனால் அடுத்த எண் வரும். அவ்வளவுதான். முக்கியமான புள்ளிகளில் சுற்றுவட்டார வரைபடமும் மாட்டியிருப்பார்கள்.

இந்த முறை 1995-ல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் தொடங்கியது. யோசனை ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளருடையது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாதைகள் கூடும் இடங்களுக்கு எண் போட்டுத்தான் வழி சொல்வார்கள். அதைத் தரைக்கு மேலே கொண்டுவந்துவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவே செல்போனில் ஒரு பாதைத் திட்டச் செயலியைத் திறந்து ஏடெ ஸ்டேஷன், கிங்கல்ஸ ஹைடெ, வொல்ஃப்ஹேஸ, ஓஸ்டர்பேக், ஆர்னெம் என்று வரிசையாகக் கொடுங்கள். எண்கள் கிடைக்கும். அவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி ஹேண்டில்பாரில் செலோடேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடிப்பது 2019 ஜூலை முதல் இங்கே சட்டப்படி குற்றம்.

ஒரு எச்சரிக்கை. எண்கள் 99-க்கு மேல் போகாது, அதனால் அதே எண் வேறு வட்டாரத்திலும் இருக்கும். எண்ணை மட்டும் தேடாமல், ஊர்ப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு திருப்பத்தில் பேச்சு சுவாரஸ்யத்தில் அம்பைத் தவறவிட்டு நானும் நண்பரும் இரண்டு கிலோமீட்டர் போய், நெடுஞ்சாலை இரைச்சல் கேட்டபிறகுதான் திரும்பினோம். பத்து நிமிடமாக எண் எதுவுமே கண்ணில் படவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

காட்டுக்குள் சில முனைகளில் முழங்கால் உயரத்தில் காளான் வடிவக் கல் ஒன்று நிற்கும். பாடன்ஸ்டூல் என்று பெயர். 1919-லிருந்து இருக்கும் வழிகாட்டி இது. அதன் தலையில் ஊர்ப் பெயரும் தூரமும் எழுதியிருக்கும், அதற்கென்று ஒரு எண்ணும் உண்டு. போன் செத்துப்போனால் இதுதான் துணை.

மூன்றாம் படி: கிளம்புங்கள்

தண்ணீர், மழைக்கோட்டு, டப்பாவில் எலுமிச்சை சாதம். போதும். காட்டில் நல்ல சாப்பாட்டுக்கடை எதிர்பார்க்க வேண்டாம். புல்லுக்குள் உட்கார்ந்தால் வீடு திரும்பியதும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லைம் நோய் அதனால்தான் பரவுகிறது. மணல் பாதை வந்தால் இறங்கித் தள்ளுங்கள், சக்கரம் புதையும்.

ஸ்டேஷனிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் மரங்கள் விலகி கிங்கல்ஸ ஹைடெ திறக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் ஹெதர் புதர். ஆகஸ்டில் போனால் நிலமே ஊதாவாக இருக்கும். மரம் முளைத்து வெளி மூடிவிடாமல் இருக்க ஆட்டு மந்தையை மேய்க்கிறார்கள், பட்டியும் அங்கேயே இருக்கிறது. 1944 செப்டம்பர் 18 அன்று நாலாவது பாராசூட் பிரிகேட் இங்கேதான் குதித்தது. இங்கிலாந்தில் மூடுபனி இருந்ததால் விமானங்கள் கிளம்பத் தாமதமாகிவிட்டது. கீழே ஜெர்மானியர்கள் காத்திருந்தார்கள். இப்போதும் ஒவ்வொரு செப்டம்பரிலும் நினைவு நாளில் இதே வெளியில் பாராசூட்டில் குதிக்கிறார்கள். நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒளிய ஒரு மரம்கூட இல்லாத வெளி அது.

அங்கிருந்து காடு வழியாக வொல்ஃப்ஹேஸ. போகிற வழியில் ரெயர்ஸ்காம்ப் என்ற திறந்தவெளி வரும். 17-ஆம் தேதி மரத்தாலான கிளைடர்கள் (இன்ஜின் இல்லாத விமானங்கள்) வந்து இறங்கிய நிலங்களில் அதுவும் ஒன்று. வொல்ஃப்ஹேஸவில் சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. கால் வலித்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ கூச்சப்படாமல் ரயிலேறி ஆர்னெம் போய்விடுங்கள். அடுத்து ஓஸ்டர்பேக்கிலும் ஒரு நிலையம் உண்டு. முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பாதையை நான் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம்.

ஓஸ்டர்பேக்கில் அவசரப்படாதீர்கள்

நாளின் பாதியை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள். ஹார்ட்டன்ஸ்டைன் என்ற பழைய ஹோட்டல்தான் சண்டையின்போது பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் அர்க்கார்ட்டின் தலைமையகம். பாலத்துக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட படை இந்தக் கட்டடத்தைச் சுற்றி லாட வடிவில் வளைத்து நின்று தாக்குப்பிடித்தது. 1978 முதல் இது மியூசியம். உள்ளே பார்த்து முடித்ததும் கட்டாயம் பின்பக்க மரங்களுக்குள் நடந்து பாருங்கள். தரையில் ஆள் நீளத்துக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். பீச் மர இலை விழுந்து மக்கிப் பாதி மூடியிருக்கும், ஓரத்தில் பாசி. வீரர்கள் கையால் வெட்டிய குழிகள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய நண்பர் ஒருவரோடு ஒருமுறை போனேன். அவர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் குந்தியிருந்து இலையை விலக்கிப் பார்த்தார். “பங்கர்தான் தம்பி. எங்கட வளவிலையும் இப்பிடித்தான் வெட்டினாங்கள். அப்பா மேல தென்னங்குத்தி அடுக்கினவர்” என்றார். அதற்குப்பின் நாங்கள் ரொம்ப நேரம் பேசவில்லை. குழிக்குள் இறங்காதீர்கள், தோண்டாதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதுவும் கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம், வெடிக்காத குண்டுகள் இந்த மண்ணில் இன்னும் இருக்கின்றன.

ரயில் பாதைக்கு வடக்கே ஏர்போர்ன் கல்லறை. 1,700-க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள். உச்சி கூராக இருந்தால் அது போலந்து வீரருடையது. பெயர் தெரியாதவர்களின் கல்லில் ‘கடவுளுக்குத் தெரிந்தவன்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். 1945 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கற்களுக்கு முன் பூ வைக்கிறார்கள். சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

பிறகு தெற்கே, ஆற்றை நோக்கி இறக்கம். நெதர்லாந்து தட்டையான நாடு என்று நம்பி வேகமாக இறங்கிவிடாதீர்கள், பனியுகத்துப் பனிப்பாறைகள் குவித்த மேடு இது. பெடலைப் பின்னோக்கி லேசாக அழுத்திக்கொண்டே வாருங்கள். கீழே பழைய தேவாலயம். பக்கத்து வீட்டில் கேட் டெர் ஹோர்ஸ்ட் என்ற பெண் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான காயப்பட்ட வீரர்களுக்கு இடம் கொடுத்தார். இரவில் அறை அறையாகப் போய் பைபிளின் 91-ஆம் சங்கீதத்தை வாசித்தார். இறந்த 57 பேரைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். அது குடியிருக்கும் வீடு, சாலையிலிருந்து பார்த்தால் போதும்.

கடைசி ஆறு கிலோமீட்டர்

தேவாலயத்தை ஒட்டிய கீழ்ச்சாலை வழியாகத்தான் ஜான் ஃப்ராஸ்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் படை போனது. 17-ஆம் தேதி மதியம் இறங்கியவர்கள் பாலத்தைத் தொடும்போது இரவு எட்டு மணி ஆகிவிட்டது. சைக்கிளில் நீங்கள் அரை மணியில் போய்விடுவீர்கள். இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் பெரும்படை வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுமார் 740 பேர் பாலத்தின் வடமுனையை நாலு நாள் பிடித்து நின்றார்கள். யாரும் வந்து சேரவில்லை. 25-ஆம் தேதி இரவு ஓஸ்டர்பேக்கிலிருந்து ஆற்றைக் கடந்து தப்பியவர்கள், இறங்கிய சுமார் 10,000 பேரில் ஏறக்குறைய 2,400 பேர்தான். ஆர்னெம் மக்களை ஜெர்மானியர்கள் ஊரைவிட்டே வெளியேற்றினார்கள்.

இப்போதுள்ள பாலம் போருக்குப்பின் அதே இடத்தில் கட்டியது, ஃப்ராஸ்ட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சைக்கிள் தடம் உண்டு. நடுப்பாலம் வரை ஏறி ஓரமாக நின்று மேற்கே பாருங்கள். காலையில் கிளம்பிய காடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, இங்கிருந்து தெரியாது. இருட்டும் முன் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இல்லை. சைக்கிளை அங்கே ஒப்படைத்துவிட்டு, ரசீதைப் போனில் சரிபார்த்த பிறகு ரயிலேறுங்கள்.